தரை இறங்குகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடிப் போகும் வழி

சுவரில் விரிசல் வந்தால் பூசுகிறோம். வாய்க்காலில் தண்ணீர் தேங்கினால் தூர் வாருகிறோம். கடல் தெருவுக்குள் வந்தால் தடுப்புச் சுவர் எழுப்புகிறோம். இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்க வாய்ப்புண்டு: நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் தரையே கீழே இறங்குவது. அப்படியானால் பூச்சும் தூர்வாரலும் சுவரும் சில வருடம்தான் தாங்கும். அதே சமயம், எல்லா விரிசலுக்கும் போர்வெல்லைக் குற்றம் சொல்வதும் தவறு. எதைப் பார்த்தால் எதைச் சந்தேகிக்கலாம், எப்படிச் சோதிக்கலாம், என்ன செய்தால் பலன் உண்டு என்று ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் விடாமல் படித்துவிடுங்கள்.

பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது

மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த நிலத்தில், மேலே உள்ள மண்ணின் எடையை இரண்டு பேர் சேர்ந்து சுமக்கிறார்கள். ஒன்று மண் துகள்கள். மற்றொன்று அவற்றுக்கு இடையே அடைபட்டிருக்கும் தண்ணீரின் அழுத்தம். தண்ணீரை இறைத்தால் அதன் பங்குச் சுமையும் மண் துகள்களின் தலையில் விழுகிறது. 1920களில் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் இதை ஒரு எளிய சமன்பாடாக எழுதினார். மண் பொறியியல் முழுவதும் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது.

கணக்கும் எளிதுதான். களிமண் மூடியுள்ள நீர்த்தாங்கியில் (நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் மண் அடுக்கில்) நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 1 டன் கூடுதல் சுமை. குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு மாடியின் எடையும் தோராயமாக அவ்வளவுதான். ஆக, நீர்மட்டம் 10 மீட்டர் இறங்கினால், ஊர் முழுக்க இடைவெளியே விடாமல் பத்து மாடிக் கட்டடம் எழுப்பியதற்குச் சமம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அப்புறம் மணலுக்கும் களிமண்ணுக்கும் உள்ள வித்தியாசம். மணல் அழுத்தினால் கொஞ்சம் இறங்கும், அழுத்தம் நீங்கினால் எழும்பும். களிமண் துகள்களோ தட்டையான செதில்கள். சீட்டுக்கட்டைத் தாறுமாறாகக் கொட்டி வைத்தது போல நடுவில் நிறைய வெற்றிடத்தோடு கிடக்கும். பழகிய அளவுக்கு மேல் சுமை ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். அந்த வெற்றிடம் போனது போனதுதான். பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது திறக்காது. தரையும் எழாது, அங்கே இருந்த நீர் பிடிக்கும் இடமும் திரும்பாது.

'பழகிய அளவு' என்றேனே, அது முக்கியம். ஒரு இடத்தில் நீர்மட்டம் இதற்கு முன் தொட்ட மிகத் தாழ்ந்த ஆழம் எதுவோ, அதுவரை களிமண் ஏற்கெனவே சுமந்து பழகியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே நீர்மட்டம் ஏறி இறங்கினால் தரை மூச்சு விடுவது போலச் சிறிது அசைந்துவிட்டுத் திரும்பும். அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போனால் நிரந்தர இறக்கம் தொடங்கும். எனவே எந்த அறிகுறிக்கும் முதலில் தேட வேண்டிய தகவல், உங்கள் பகுதியில் நீர்மட்டம் இதுவரை தொட்ட அடிமட்டம் எது, இப்போது அதற்குக் கீழே போய்விட்டதா என்பதுதான்.

உங்கள் மண்ணில் இது வருமா?

பழைய ஏரிப் படுகை, ஆற்று வண்டல் சமவெளி, கழிமுகம், கடற்கரைச் சமவெளி. இப்படி இளம் வண்டல் பல பத்து மீட்டர், சில இடங்களில் பல நூறு மீட்டர் கனத்துக்குப் படிந்த இடங்களில்தான் இந்த நோய் வரும். மெக்சிகோ நகரம் ஏரிப் படுகை மேல் இருக்கிறது. ஜகார்த்தாவும் பாங்காக்கும் வண்டல் மேல். கலிபோர்னியாவின் சான் ஹோகின் பள்ளத்தாக்குக்கு அடியில் கோர்கோரன் களிமண் என்ற தடித்த அடுக்கு மூடி போல விரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப் பாறை. கோயம்புத்தூரிலோ தருமபுரியிலோ ஆயிரம் அடி போர் போட்டு இறைத்தால் கிணறு வறளும், பக்கத்துக் கிணறும் வறளும். ஆனால் பாறை வெடிப்புகளிலிருந்து நீர் போனதால் பாறை நசுங்கிவிடாது. அங்கே சுவர் விரிந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள். காவிரி டெல்டா, கடலோர வண்டல் பகுதிகளில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில் நியாயம் உண்டு.

போர் போடும்போது எத்தனை அடிக்கு மணல், எத்தனை அடிக்குக் களிமண், எங்கே பாறை என்று லாரிக்காரர் சொன்னதை நம்மில் பெரும்பாலோர் எழுதி வைப்பதில்லை. அடுத்த முறை தயவுசெய்து எழுதி வையுங்கள். அந்தத் தாள் இல்லாததால் எந்த முடிவுக்கும் வர முடியாமல் நின்ற இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: போர்வெல் கேசிங் பைப் தரையிலிருந்து எழும்பி நிற்கிறது

பைப் வளரவில்லை, தரைதான் இறங்கியது. கேசிங்கின் அடிப்பகுதி ஆழத்தில் உறுதியான அடுக்கில் ஊன்றியிருக்கும். நடுவிலுள்ள களிமண் நசுங்கினால் மேல்மண் பைப்பை விட்டுவிட்டுக் கீழே போகும். கிணற்றைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் மேடை அந்தரத்தில் தொங்கும். மெக்சிகோ நகரத்தில் பழைய கிணறுகளின் கேசிங் ஆள் உயரத்துக்கு மேல் நிற்பது உண்டு.

சோதனை: மழை நீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தாலும் பைப் வெளியே தெரியும். அரிப்பு என்றால் மண் சரிவான பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போயிருக்கும், ஓடைத் தடம் தெரியும். தரை இறங்கியது என்றால் மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு இடைவெளி, அதே பகுதியில் ஆழமான மற்றக் கிணறுகளிலும் அதே கதை. பைப்பில் தரைமட்டத்தை ஒட்டிப் பெயின்ட் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். இதைவிட மலிவான அளவுமானி கிடையாது.

இதோடு சேர்ந்து வரும் தொல்லை, கேசிங் உள்ளே நசுங்குவது. மோட்டாரை மேலே எடுக்கும்போது ஓரிடத்தில் சிக்கும், பைப் வளைந்திருக்கும், திடீரென்று மணல் கலந்து வரும். சான் ஹோகின் பள்ளத்தாக்கில் விவசாயிகள் இப்படி ஏராளமான கிணறுகளை இழந்திருக்கிறார்கள். உடைந்த இடத்துக்குக் கீழே புதிதாக ஆழம் போட்டு இறைப்பதுதான் பலரும் செய்வது. அதுவே நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் நீர்மட்டம் அந்தப் பழகிய கோட்டுக்கு இன்னும் கீழே போகும்.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் இந்தத் துறையின் மிகப் பிரபலமான புகைப்படம் எடுக்கப்பட்டது. மெண்டோட்டா ஊருக்குத் தென்மேற்கே ஒரு மின்கம்பம். அதன் உச்சிப் பக்கம் 1925 என்று ஒரு பலகை, நடுவில் 1955, அடியில் 1977. கம்பத்தின் காலடியில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஜோசப் போலண்ட் நிற்கிறார். 1925இல் தரை இருந்த இடம் அவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில். 52 வருடத்தில் கிட்டத்தட்ட 9 மீட்டர். அதைச் சுற்றி இருந்தது விவசாய நிலம். எல்லாமே சேர்ந்து இறங்கியதால் வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அளந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

அறிகுறி: சுவரில், தரையில் விரிசல்

பெரும்பாலோரைக் கவலைப்படுத்துவது இதுதான், அதிகம் குழப்புவதும் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். ஊர் முழுக்கச் சமமாக இறங்கினால் வீடு விரியாது. ஒரு மூலை மற்ற மூலையை விட அதிகம் இறங்கினால்தான் விரியும். அடித்தளப் பொறியியலில் பழைய கணக்கு ஒன்று உண்டு: சுவரின் நீளத்துக்கும் அதன் இரு முனைகளின் இறக்க வித்தியாசத்துக்கும் உள்ள விகிதம் 300க்கு 1 என்பதைத் தாண்டினால் சுவர்களில் விரிசல் எதிர்பார்க்கலாம், 150க்கு 1 என்றால் கட்டடத்தின் எலும்புக்கூட்டுக்கே சேதம். 3 மீட்டர் நீளச் சுவரில் ஒரு முனை 1 செ.மீ. தாழ்ந்தால் 300க்கு 1 வந்துவிட்டது. ஆகவே இரண்டு மீட்டர் இறங்கிய ஊரில் விரிசல் இல்லாத வீடும் இருக்கும், பத்து செ.மீ. இறங்கிய ஊரில் இடிக்க வேண்டிய வீடும் இருக்கும். களிமண்ணின் கனம் சட்டென்று மாறும் இடம், பழைய ஏரியின் கரை, வண்டல் முடிந்து பாறை தொடங்கும் ஓரம் ஆகியவற்றில்தான் வீடுகள் அடிபடும்.

சோதனை இப்படிச் செய்யலாம்:

1. உங்கள் வீட்டை விட்டுத் தெருவைப் பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் விரிசல் என்றால் காரணம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம்: அஸ்திவாரம், உடைந்த கழிவுநீர்க் குழாய், பக்கத்து மரம். பல வீடுகளில் ஒரே வரிசையில், ஒரே திசையில் விரிசல் ஓடினால் நிலத்தைச் சந்தேகியுங்கள். சாலையையும் காம்பவுண்டுச் சுவர்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும்.

2. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபக்கமும் ஒட்டிவிடுங்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறைந்தது ஒரு வருடம், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்து போகட்டும்.

3. டியூப் லெவல் கொண்டு வீட்டின் நான்கு மூலைகளிலும் மட்டம் பாருங்கள். கொத்தனாரிடம் கேட்டால் அரை மணி நேர வேலை. அதே புள்ளிகளில் ஆறு மாதம் கழித்து மறுபடி.

கோடையில் விரிந்து மழையில் மூடினால் அது பெரும்பாலும் மேல்மண்ணின் வேலை. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டில் இப்படித்தான். பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டதிலிருந்துதான் சுவர் பிளந்தது என்று இரண்டு வருடம் பேச்சுவார்த்தை கூட நின்றுபோயிருந்தது. கண்ணாடித் துண்டு ஒட்டிப் பார்த்தோம். ஐப்பசி மழைக்கு விரிசல் தானாக மூடிக்கொண்டது. கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். அந்த வீட்டின் கடைக்கால் போதிய ஆழம் போகவில்லை. போர்வெல் பாறையில் இருந்தது. அதற்கும் சுவருக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் வருடா வருடம் ஒரே திசையில் மட்டும் விரிந்துகொண்டே போகிறது, மழைக்கு மூடவில்லை, நீர்மட்டம் பழைய அடிமட்டத்துக்குக் கீழே போன காலத்தோடு அது ஒத்துப்போகிறது, மண்ணும் கனமான வண்டல் என்றால், இறைப்பைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு தனி அடையாளம், ஆழமான பைல் (உறுதியான அடுக்குவரை இறக்கிய தூண்) மேல் நிற்கும் கட்டடங்கள். அவை இறங்காமல் நிற்கும், சுற்றியுள்ள தரை இறங்கும். வாசல் படிக்கும் தரைக்கும் நடுவே புதிய இடைவெளி, கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் திரும்பத் திரும்ப ஒடிவது எல்லாம் இதன் விளைவு. மெக்சிகோ நகரத்தின் சுதந்திர தேவதை நினைவுத்தூண் 1910இல் திறக்கப்பட்டது. ஆழமான பைல் மேல் நிற்பதால் அது அப்படியே இருக்க, சுற்றியுள்ள சாலை இறங்கிக்கொண்டே போனது. மேலே ஏறிப் போவதற்காகப் பிற்பாடு 14 படிகள் சேர்க்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கட்டடத்தில் பைலும் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இறங்கும் மண் பைலைப் பிடித்துத் தொங்கிக் கீழே இழுக்கும். அந்தக் கூடுதல் சுமையைக் கணக்கில் எடுத்திருக்கிறார்களா என்று பொறியாளரைக் கேளுங்கள்.

என்ன செய்யலாம்: அசைவு நிற்காதவரை விரிசலுக்குள் சிமெண்ட் அடைப்பது பணத்தை மண்ணில் போடுவது. தண்ணீர் இறங்காமல் நெகிழும் பசை கொண்டு மூடுங்கள், குழாய் இணைப்புகளில் வளையக்கூடிய துண்டு போடுங்கள். பெரிய கட்டடத்துக்கு அதற்கு மேலும் வழி உண்டு. மெக்சிகோ நகரத்துத் தலைமைப் பேராலயம் ஒரு பக்கம் சாய்ந்தபோது, 1990களில் உயர்ந்து நின்ற பக்கத்துக்கு அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து அந்தப் பக்கத்தையும் இறக்கினார்கள். பைசா கோபுரத்தை நிமிர்த்தியதும் இதே உத்தியால்தான். அருமையான வேலை. ஆனால் அது அந்தக் கட்டடத்தின் சாய்வைத்தான் குறைத்தது, நகரம் இன்னமும் இறங்குகிறது. சில பகுதிகளில் வருடத்துக்கு 50 செ.மீ. வரை.

அறிகுறி: வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை, அல்லது திரும்பி ஓடுகிறது

தூர் வாரியும் தேங்கினால், வாட்டத்தை அளந்து பாருங்கள். நீண்ட கால்வாய்களுக்கு வாட்டம் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். நடுவில் ஒரு பகுதி அரை மீட்டர் இறங்கினாலே கால்வாய் தொட்டில் போல ஆகிவிடும். அதற்கப்புறம் முழு அளவு தண்ணீர் விட்டால் அந்தத் தாழ்ந்த இடத்தில் கரை மீறும். பாலத்தின் அடிப்பாகத்தை நீர் தொடும். ஆகவே விடும் அளவையே குறைக்க வேண்டியதாகும்.

இதற்கு மிகத் துயரமான உதாரணம் கலிபோர்னியாவின் ஃப்ரையண்ட்-கெர்ன் கால்வாய். சுமார் 245 கி.மீ. நீளம், பம்பு இல்லாமல் வாட்டத்தில் மட்டுமே ஓடுவது. விவசாயிகள் நிலத்தடி நீரை இறைக்காமல் இருக்க ஆற்று நீர் கொடுப்பதற்காகவே 1951 வாக்கில் கட்டி முடித்த கால்வாய். வறட்சிக் காலங்களில் சுற்றிலும் இறைத்த இறைப்பில் அதன் நடுப்பகுதி இறங்கி, அந்த இடத்தில் நீர் கொண்டுசெல்லும் திறனில் 60 சதவீதம் போய்விட்டது. கால்வாயில் தண்ணீர் குறைந்ததால் கடைமடை விவசாயி மறுபடி போர்வெல்லுக்குப் போனார். நோயே மருந்தைத் தின்றுவிட்டது. கடைசியில் ஏறக்குறைய 16 கி.மீ. நீளத்துக்குப் பக்கத்திலேயே புதிய கால்வாய் வெட்டினார்கள். 2024இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

சாக்கடைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் இதே விதி. மெக்சிகோ நகரத்தின் பெரும் கழிவுநீர்க் கால்வாய் 1900இல் திறக்கப்பட்டபோது வாட்டத்தில் ஓடியது. நகரம் இறங்க இறங்க அதன் வாட்டம் போய், பம்பு வைத்துத் தள்ள வேண்டியதானது. அதனால்தான் ஆழமான சுரங்க வடிகால்களுக்கு மாறினார்கள். 2019இல் திறந்த கிழக்குச் சுரங்கம் மட்டும் 62 கி.மீ. அரிசோனாவில் லூக் விமானப்படைத் தளத்தைச் சுற்றி 5 மீட்டருக்கு மேல் தரை இறங்கியிருந்தது. 1992இல் ஒரு பெருமழையின்போது அங்குள்ள வடிகால் எதிர்த்திசையில் ஓடித் தளத்தையே மூழ்கடித்தது.

சோதனை: கால்வாய் கட்டிய காலத்து வரைபடத்திலுள்ள மட்டங்களை இன்றைய மட்டங்களோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். ஒப்பிடும் அடையாளக் கல் (மட்டம் அளக்க உயரம் குறித்து நட்ட கல்) அதே இறங்கும் பகுதியில் இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கியிருக்கும். பாறை மேல் இருக்கும் கல்லிலிருந்துதான் மட்டம் கொண்டுவர வேண்டும்.

கரையை உயர்த்துவது தற்காலிகத் தீர்வு. இன்னும் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடாமல் உயர்த்தினால் பத்து வருடத்தில் அதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

அறிகுறி: மழை இல்லாமலே கடல் நீர் தெருவுக்குள் வருகிறது

கடல் மட்டம் உயர்கிறது என்பது உண்மை. உலகச் சராசரி இப்போது வருடத்துக்கு 4 மில்லிமீட்டர் அளவில். அந்த வேகத்தில் ஒரு தெரு பத்து வருடத்தில் 4 செ.மீ. தாழ்ந்தது போலத் தெரியும். ஆனால் பத்து வருடத்தில் முழங்கால் அளவு தாழ்ந்திருந்தால், கடலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வட ஜகார்த்தாவின் சில இடங்கள் மோசமான காலத்தில் வருடத்துக்கு 20 செ.மீ.க்கும் மேல் இறங்கின. மூவாரா பாருவில் கடற்சுவருக்கு வெளியே கைவிடப்பட்ட மசூதி ஒன்று பாதி நீரில் நிற்கிறது. சுவருக்கு உள்ளே இருக்கும் தெரு கடலை விடத் தாழ்வு. சுவர் உயர்த்தினார்கள், சுவரும் சேர்ந்து இறங்கியது. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் போய்ச் சேராத நகரத்தில் மக்களிடம் போரை மூடு என்று சொன்னால் அவர்கள் எதைக் குடிப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போடும் எந்தத் தடையும் நிற்காது.

டெக்சாஸில் பேடவுன் ஊரின் பிரவுன்வுட் குடியிருப்பு வசதியானவர்களின் கடலோரப் பகுதியாக இருந்தது. பக்கத்துத் தொழிற்சாலைகளும் நகரங்களும் இறைத்ததில் அங்கே தரை 3 மீட்டர் அளவுக்கு இறங்கியது. புயல் வந்தபோதெல்லாம் வெள்ளம். 1983இல் அலிசியா புயலுக்குப் பிறகு யாரும் திரும்பி வர முடியவில்லை. இன்று அந்த இடம் பறவைகள் பார்க்கும் சதுப்புநிலப் பூங்கா. அந்தப் பகுதியில் இறைப்பைக் கட்டுப்படுத்த ஹாரிஸ்-கால்வெஸ்டன் தரை இறக்க மாவட்டம் என்ற தனி அமைப்பு 1975இலேயே உருவாகியிருந்தது. கடலோரத்தில் இறைப்பு குறைந்து இறக்கமும் அடங்கியது. பிரவுன்வுட்டுக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது.

அறிகுறி: வயலில் நீளமான பிளவு

இது ஒன்றுக்கு மட்டும் பொறுமையாக ஒரு வருடம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். முதலில் பிள்ளைகளையும் மாடுகளையும் தள்ளி வையுங்கள். வேலி போடுங்கள்.

வண்டல் படுகையின் ஓரத்தில், அடியில் பாறை மேடாக இருக்கும் இடத்தில், ஒரு பக்கம் அதிகம் இறங்கி மறுபக்கம் அப்படியே நிற்கும்போது மேல்மண் இழுபட்டுக் கிழிகிறது. ஆரம்பத்தில் அது மயிரிழை அளவு. தரைக்கு அடியிலேயே இருக்கும், கண்ணில் படாது. ஒரு பெருமழை பெய்து நீர் உள்ளே இறங்கி மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகுதான் ஒரே இரவில் பள்ளமாக வாய் திறக்கும். அரிசோனாவில் பிக்காச்சோ அருகே 1927இல் முதல் பிளவு கவனிக்கப்பட்டது. இன்று அந்த மாநிலத்தில் இத்தகைய பிளவுகள் அதிகாரபூர்வமாக வரைபடமாகின்றன. மனை வாங்குபவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டமும் 2006 முதல் உண்டு.

வெயிலில் வறண்ட ஏரியில் வரும் வெடிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தேன்கூடு போலப் பல கோணமாக இருக்கும், ஆழமும் குறைவு. இறைப்பினால் வரும் பிளவு நூற்றுக்கணக்கான மீட்டர் ஒரே போக்கில் ஓடும், வரப்பையும் சாலையையும் பொருட்படுத்தாது.

குப்பை கொட்டி நிரப்பாதீர்கள். அந்த வாய் நிலத்தடி நீருக்கே நேர்வழியாக இருக்கலாம். மழைநீர் அதற்குள் போகாமல் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். அதன் மேல் எதுவும் கட்டாதீர்கள்.

அறிகுறி: மோட்டாரை நிறுத்தியும் தரை இறங்குகிறது

நிறுத்தியது தவறு என்றோ, காரணம் வேறு என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். களிமண்ணிலிருந்து நீர் பிதுங்கி வெளியேற நேரம் பிடிக்கும். அடுக்கின் கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு மீட்டர்க் களிமண் ஒரு வருடத்தில் முடிக்கும் வேலையைப் பத்து மீட்டர்க் களிமண் முடிக்க நூறு வருடமாகும் என்று கணக்கு. ஆகவே நேற்று இறைத்ததற்கான கடனை அது இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. நீர்மட்டம் அதே ஆழத்தில் நின்றால் இறக்கம் மெதுவாகத் தேய்ந்து குறையும். நீர்மட்டத்தை நன்றாக மேலே கொண்டுவந்தால் சீக்கிரம் அடங்கும். நிறுத்தினால் மட்டும் போதாது, உள்ளே நீர் சேர வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

சான்ஹோசே நகரம் இருக்கும் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு இதைச் செய்து காட்டியது. அங்கே மொத்தம் 4 மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. வெளியிலிருந்து ஆற்று நீர் கொண்டுவந்து, குளங்களில் விட்டு நிலத்துக்குள் இறக்கி, இறைப்பையும் குறைத்தார்கள். 1969 வாக்கில் இறக்கம் நின்றது. பாங்காக் வேறு பாதையில் போனது. 1980களில் சில பகுதிகள் வருடத்துக்கு 10 செ.மீ.க்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தபோது நிலத்தடி நீருக்குக் கட்டணம் வைத்தார்கள், படிப்படியாகக் குழாய் நீரை விட அதை விலை கூட்டினார்கள். இறைப்பு சரிந்தது, இறக்கமும் வருடத்துக்கு 1, 2 செ.மீ. ஆனது. இரண்டு இடத்திலும் மாற்றுத் தண்ணீர் முதலில் வந்தது, கட்டுப்பாடு கூடவே வந்தது.

நீங்கள் மட்டும் மோட்டாரை நிறுத்தி அக்கம்பக்கம் எல்லாம் ஓடினால் என்ன ஆகும்? நேர்மையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றும் மாறாது. நீர்த்தாங்கி பல கிலோமீட்டர் விரிந்த ஒரே தொட்டி. அதனால் கேசிங்கில் நீங்கள் எழுதிய தேதிகளையும் அளவுகளையும் ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பக்கத்துக் கிணற்றுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: தரை எழும்புகிறது

நல்ல செய்திதான், ஆனால் எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். வெனிஸ் நகரம் 1950 முதல் 1970 வரை மார்கேரா தொழிற்பேட்டையின் இறைப்பால் சுமார் 12 செ.மீ. இறங்கியது. இறைப்பை நிறுத்தியதும் திரும்பக் கிடைத்தது 2 செ.மீ. அளவுதான். மணல் கொடுத்த பங்கு திரும்பியது, களிமண் வாங்கிக்கொண்டது வாங்கிக்கொண்டதுதான்.

டோக்கியோவில் வேறு சிக்கல். கோத்தோ வட்டாரத்தில் 4 மீட்டருக்கு மேல் இறங்கிய பிறகு, 1956, 1962 சட்டங்களால் இறைப்பை அடக்கினார்கள். நீர்மட்டம் நன்றாக ஏறியது. தாழ்ந்த நீர்மட்டத்தை நம்பிக் கட்டிய உயேனோ, டோக்கியோ நிலத்தடி ரயில் நிலையங்களைத் தண்ணீர் அடியிலிருந்து படகு போலத் தூக்கப் பார்த்தது. நங்கூரக் கம்பிகளைத் தரைக்குள் இறக்கிப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் இறைப்பு குறைந்து நீர்மட்டம் ஏறுகிறது என்றால், கீழ்த்தளம் உள்ள கட்டடங்களில் தரை உப்புகிறதா, ஈரம் கசிகிறதா என்று பாருங்கள்.

செயற்கைக்கோள் வரைபடத்தில் என் பகுதி சிவப்பாக இருக்கிறது

ரேடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தை இரண்டு தேதிகளில் படமெடுத்து, திரும்பி வரும் அலைகள் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்ற வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் தரை எவ்வளவு அசைந்தது என்று தெரியும். 2014இல் போன சென்டினல்-1 செயற்கைக்கோளின் தரவு இலவசம். அதன் அலைநீளம் 5.6 செ.மீ. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-அமெரிக்கக் கூட்டுச் செயற்கைக்கோள் நிசார், சுமார் 24 செ.மீ. அலைநீளத்தில் 12 நாளுக்கு ஒரு முறை பார்க்கும். நீண்ட அலை பயிர்களை ஊடுருவுவதால், சென்டினல் தடுமாறும் வயல்வெளிகளையும் அது நன்றாகவே அளக்கும்.

படத்தில் சிவப்பை (வேகமாக இறங்கும் இடத்துக்குப் பொதுவாகத் தரும் நிறத்தை) பார்த்ததும் பயப்படாமல் மூன்றைக் கேளுங்கள். எந்தப் புள்ளியை அசையாதது என்று வைத்து அளந்தார்கள்? அதுவே இறங்கினால் கணக்கெல்லாம் தப்பு. அளந்தது செயற்கைக்கோள் பார்க்கும் சாய்ந்த திசையில், அதை நேர் கீழ்நோக்கி மாற்றினார்களா? எத்தனை மாதத் தரவு? கோடை மட்டும் என்றால் அது வருடா வருடம் வந்து திரும்பும் மூச்சாக இருக்கலாம்.

அதனால் வண்ணப் படத்தை விட, தரை காலப்போக்கில் எவ்வளவு அசைந்தது என்று காட்டும் காலவரிசைக் கோட்டைக் கேட்டு வாங்குங்கள். டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய கபாஷேராவில் அந்தக் கோடு 2014–16இல் வருடத்துக்கு 11 செ.மீ. அளவில் இறங்கியது, 2018–19இல் 17 செ.மீ. அளவில் இன்னும் செங்குத்தானது. குழாய்த் தண்ணீர் போதாமல் போர்வெல்லையும் லாரியையும் நம்பிய பகுதி அது. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துவாரகாவும் முதலில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அங்கே போர்வெல் கட்டுப்பாடும் மழைநீர் சேகரிப்பும் வந்த பிறகு கோடு முதலில் படுத்தது. 2018–19இல் வருடத்துக்கு 1 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக மேலே திரும்பியிருந்தது.